பழைய எண், புதிய எண்

எங்கள் ராயபுரத்தில் பல வீட்டு வாசல்களில் இரண்டு எண்கள் இருக்கும். பழைய எண் 14, புதிய எண் 31 என்று. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் தபால்காரருக்கு அதுதான் வசதி. பழையதா புதியதா என்று சொல்லாமல் ஒரே எண்ணை எழுதினால்தான் கடிதம் தெருத்தெருவாக அலையும்.

போன வாரம் என் தம்பி மகன் வந்திருந்தான். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அங்கிருக்கும் கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர் எல்லாவற்றிலும் எந்தப் பதிப்பு மென்பொருள் ஓடுகிறது என்று பட்டியல் எடுக்கச் சொன்னார்களாம். ஒருவர் "விண்டோஸ் 7" என்று எழுத, இன்னொருவர் "வின்7" என்று எழுத, மூன்றாமவர் "6.1" என்று எழுதியிருக்கிறார். மூன்றும் ஒன்றுதான். விண்டோஸ் 7 தன்னை உள்ளுக்குள் 6.1 என்றே சொல்லிக்கொள்ளுமாம். விண்டோஸ் 11 இன்னும் 10.0 என்றுதான் சொல்கிறது. கூடவே வரும் பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது பதினொன்று.

அடுத்த வம்பு புள்ளியில். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பன்னிரண்டரையை 12,5 என்று காற்புள்ளி போட்டு எழுதுவோம். ஆபீசில் சேர்ந்த பிறகுதான் புள்ளிக்கு மாறினேன். ஆனால் பதிப்பு எண்ணில் வரும் புள்ளி தசமப் புள்ளியே அல்ல. அங்கே 1.9-க்குப் பின் வருவது 1.10. எக்செல் அதைச் சாதாரண எண் என்று நினைத்து 1.1 ஆக்கிவிடும், புதியது பழையதாகிவிடும். எழுத்தாக வைத்து வரிசைப்படுத்தினாலோ 1.10 போய் 1.9-க்கு முன்னால் நிற்கும்.

இதெல்லாம் குமாஸ்தா கவலை என்று தள்ளிவிட முடியாது. 2017 ஜூன் 27-ல் பரவிய நாட்பெட்யா வைரஸால், மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மேர்ஸ்க் குழுமம் நடத்தும் முனையம் முடங்கியது. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி வரிசை பார்த்துப் பழகிய நமக்கு, அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வைரஸ் பரவிய வழிகளில் ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. எந்த மெஷினில் திருத்தம் ஏறியிருக்கிறது என்று பட்டியல் சொல்லாவிட்டால், அது பட்டியலே அல்ல.

தம்பி மகனின் யோசனை, ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றி எழுதி, பழையதை அழித்துவிடுவது. இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

சர்வீசில் சேர்ந்த புதிதில், ஸ்டாக் ரிஜிஸ்டரில் டைப்ரைட்டர் எண்கள் அலங்கோலமாக இருக்கின்றன என்று பிளேடால் சுரண்டி, ஒரே மாதிரி அழகாக எழுதி வைத்தேன். தணிக்கைக்கு வந்தவர், "முதலில் என்ன இருந்தது?" என்று கேட்டார். பதில் இல்லை. மெமோ கிடைத்தது. தவறானதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

ஆகவே அவனிடம் சொன்னேன்: வந்தது வந்தபடி ஒரு பத்தியில், எழுத்தாகவே இருக்கட்டும். திருத்திய பெயர் அடுத்த பத்தியில். பதிப்பு எண்ணைப் புள்ளிக்குப் புள்ளி பிரித்துத் தனித்தனிக் கட்டத்தில் போடு. வெறும் "10.0" என்று மட்டும் இருந்தால் பத்து என்றோ பதினொன்று என்றோ ஊகிக்காதே, "தெரியவில்லை" என்று எழுதிவிட்டு, அந்த மெஷினிடமே போய்ப் பார்.

"இத்தனை பத்தியா? மேனேஜர் திட்டுவார், பெரியப்பா" என்றான்.

திட்டட்டும். மெமோவைவிடத் திட்டு மேல்.