புழு செத்தால் தலையெழுத்தா?



நெல்லுக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர் நம்ம ஆரணி. ஊருக்குள்ளே தறிச்சத்தம், ஊரைச் சுற்றி நெல் வயல். இரண்டுக்கும் நடுவிலே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மல்பெரி வைத்து பட்டுப்புழு வளர்க்கும் சிறு விவசாயி மாட்டிக்கொண்டு முழிக்கிறார்.

நடப்பது என்ன? நாலாவது சட்டையும் உரித்துவிட்டுப் புழு நன்றாகத்தான் இலை தின்றுகொண்டிருக்கும். கூடு கட்ட ரெண்டு மூணு நாள்தான் பாக்கி. திடீரென்று தலையைத் தூக்கி ஆட்டும், பச்சையாகக் கக்கும், உடம்பு சுருங்கும். விடிந்து பார்த்தால் தட்டு முழுக்கச் செத்துக் கிடக்கும். "மனையைச் சுத்தமா வைக்கலை, நோய் வந்துடுச்சு" என்று பழியை வளர்த்தவர் தலையிலேயே கட்டுவது வழக்கமாகிவிட்டது. நோயே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பால்புழு நோய் உண்டு, சுண்ணாம்புக்கட்டு நோய் உண்டு. ஆனால் எல்லாச் சாவையும் நோய்க் கணக்கிலே எழுதுவதை ஒப்புக்கொள்ள முடியாது.

இந்தப் புழுவின் சங்கதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆடு மாடு கட்டை அவிழ்த்துவிட்டால் மேய்ந்துவிட்டு வரும். பட்டுப்புழு அப்படியல்ல. சுமார் 5000 வருஷமாக மனிதன் கையிலேயே வளர்ந்ததால் அதன் பிறவிக்குணமே மாறிப்போச்சு. அதன் காட்டுச் சொந்தக்காரப் பூச்சி பறக்கிறது. நம்ம பட்டுப்பூச்சிக்கு இறக்கை இருந்தும் பறக்கத் தெரியாது. தட்டிலே இலை தீர்ந்தால் நாலடி தள்ளியிருக்கும் செடியைத் தேடிப் போகாது, பட்டினி கிடந்து சாகும். மனையில் எச்சம் தேங்கி நெடி அடித்தாலும் ஓடாது. முற்றின புழுவுக்கு 24, 25 டிகிரிதான் தோது. சித்திரை வெயிலில் ஷீட்டுக் கூரைக்கு அடியிலே அது படும் பாடு சொல்லி மாளாது. இலையில் விஷம் இருந்தால் அதையும் தின்னும். வேறு வழி அதற்கில்லை.

தீனி விஷயத்துக்கு வருவோம். 100 முட்டைத் தொகுதி எடுத்தால் 40 ஆயிரத்துக்கு மேல் புழு. முட்டையிலிருந்து வந்த நாளுக்கும் கூடு கட்டும் நாளுக்கும் இடையில், ஒரு மாசத்துக்குள்ளேயே, உடம்பு எடை கிட்டத்தட்ட 10,000 மடங்கு ஏறுகிறது. மொத்த இலையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கடைசி வாரத்தில்தான் தின்கிறது. பட்டு என்பது அந்த இலையின் புரதம்தான். இளம்புழுவுக்கு முற்றின இலையைப் போட்டால் ஒரே தட்டிலே ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு ஆகி, சட்டை உரிப்பது முன்பின்னாகப் போகும். இது நமக்குத் தெரியும், நாம் பார்த்துக்கொள்வோம். ஆனால் பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து நம்ம இலையில் வந்து படிந்தால் என்ன செய்வது?

நெல்லில் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுக்கும் குளோரான்ட்ரானிலிப்ரோல் அடிக்கிறார்கள். அது பூச்சியின் தசையை இழுத்துப் பிடித்துத் தீனியை நிறுத்திவிடும். நெற்பயிரைத் தின்னும் புழுவும் பட்டுப்புழுவும் ஒரே இனக் கூட்டம். மருந்துக்கு நல்ல புழு, கெட்ட புழு என்று தெரியுமா? இலையில் படிந்தது சீக்கிரம் போகவும் போகாது. சாகாத அளவு கொஞ்சமாக உள்ளே போனாலும் புழு மெலியும், கூடு லேசாகும். நல்ல கூட்டில் ஆயிரம் மீட்டர் வரை ஒரே இழை வரும். மெலிந்த கூட்டில் நூற்கும்போதே அறுந்து அறுந்து போகும், கூட்டு அங்காடியில் விலையும் போகாது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. புழுவின் உடம்பிலே 'இன்னும் குழந்தையாகவே இரு' என்று சொல்லும் ஒரு சுரப்பு இருக்கிறது. அது குறைந்தால்தான் கூடு கட்டும். வெள்ளை ஈக்கு அடிக்கும் பைரிப்ராக்சிஃபென் அதே சுரப்பு மாதிரி வேஷம் போடும் மருந்து. துளி போனாலும் போதும். புழு சாகாது, தின்றுகொண்டே இருக்கும், கொழுக்கும், சந்திரிகையில் விட்டால் சும்மா கிடக்கும். இலையும் போச்சு, கூலியும் போச்சு. இத்தாலியின் வடபகுதியில் பழத்தோட்டங்களுக்கு அடித்த ஃபெனாக்சிகார்ப் என்ற இதே வகை மருந்தால் 1990 வாக்கில் ஊர் ஊராகப் புழு கூடு கட்டாமல் போய், அங்கே பட்டு வளர்ப்பே ஒடிந்து விழுந்தது. சீனாவில் 1980களில் செங்கல் சூளைப் புகையின் ஃப்ளூரைடு மல்பெரி இலையில் படிந்து புழுக்கள் மடிந்தன. ஆக, இது நம்ம ஊர் விவசாயியின் கைராசி சமாச்சாரம் அல்ல.

நெல் விவசாயியோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அவரும் நம்ம ஆள்தான், கடன்பட்டுத்தான் மருந்து வாங்குகிறார். பட்டுப்புழுவுக்கு ஆகாது என்று கடைக்காரர் அவரிடம் சொன்னாரா? போதாக்குறைக்கு இப்போது ட்ரோன் வேறு வந்தாச்சு. 2023இல் ஒன்றிய அரசே மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தது. வேலை மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேலிருந்து அடிப்பது காற்று போகும் திசைக்குத்தானே போகும்? மல்பெரியிலே நாமே அடித்துவந்த டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு நாடு முழுக்கத் தடை. ஆக, தடுக்க நினைத்தால் அரசால் தடுக்க முடியும்.

மருந்தில்லாத வழியும் உண்டு. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியை நாசமாக்கியபோது எந்த மருந்தும் எடுபடவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு குட்டிக் குளவிதான் அதை அடக்கியது.

நாம் கேட்பது இதுதான். பட்டுப்புழுவைக் கொல்லும் மருந்தின் டப்பாவில் 'பட்டுப்புழுவுக்கு நஞ்சு' என்று தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போட வேண்டும். மல்பெரி உள்ள ஊரில் ட்ரோன் பறக்குமுன் தண்டோரா போட்டோ, போனிலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாலு நாள் இலையைப் பறித்து வைக்கவாவது வழி கிடைக்கும். புழு செத்தால் இலையையும் புழுவையும் எடுத்து நஞ்சு உண்டா என்று சோதித்து, எழுத்தில் முடிவு தர வேண்டும். நஞ்சு என்று தெரிந்தால் இழப்பீடு தர வேண்டும்.

செத்த புழுவை இனி யாரும் உடனே குழியில் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சத்தை இலையோடு சேர்த்து ஐஸில் வையுங்கள். தேதி, பக்கத்து வயலில் அடித்த மருந்தின் பேர், காற்று அடித்த திசை மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் திருவண்ணாமலை ஆட்சியர் முன் வெறும் மனுவோடு போகப் போவதில்லை. மிச்சப் புழுவையும், தட்டோடு தூக்கிக்கொண்டு போவோம்.