800 முறை அடித்தால் மணக்குமா?

இன்று சென்ட் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

2011-இல் ஃபாக் வந்தபோது பெருமையாகச் சொன்னது இரண்டு: கேஸ் இல்லை, ஒரு பாட்டிலில் 800 ஸ்ப்ரே. கேஸுக்குக் காசு கொடுக்காதது நல்லதுதான். ஆனால் காலை ஏழு மணிக்கு அடித்தது மதியம் மூன்று மணிக்கு எப்படி மணக்கும்? அதற்கு அந்த 800-இல் பதில் இல்லையே!

கடையில் ஒருமுறை அடித்து, மோந்து பார்த்த உடனே வாங்குகிறீர்கள். முதலில் மூக்கில் ஏறுவது எலுமிச்சை மாதிரி லேசான வாசனை. கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். கனமான மரவாசனையும் கஸ்தூரி வாசனையும்தான் தங்கும். எல்லாம் நாம் படித்த ஆவியாதல் பாடம்தான். கனகம்மாசத்திரம் வெயிலில் கேட்கவே வேண்டாம். கன்னோஜில் அத்தர் காய்ச்சுகிறவர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கியது சும்மாவா? பூவாசனையைப் பிடித்து வைக்கும் எண்ணெய் அது. பெரியவர்கள் பூசிய ஜவ்வாதும் சாயங்காலம் வரை நின்றது.

எனவே கையில் அடித்துக்கொண்டு, திருத்தணி வரை பஸ்ஸில் போய் வந்து மோந்து பாருங்கள். பிடித்தால் வாங்குங்கள்.

இன்னொன்று. புது வியர்வைக்கு நாற்றமே கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைத்த பிறகுதான் நாறும். நேற்றைய சட்டை மேல் சென்ட் அடித்தால், பத்து மணிக்குச் சென்ட் போய்விடும், சட்டை இருக்கும். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முகத்தைத் திருப்பும்போது அவமானப்படுவது நம் பிள்ளை, விளம்பரக்காரர் அல்ல.

ஸ்ரீபெரும்புதூர் ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதல் சம்பளத்தில் கூடுதலாக இரண்டு பருத்திச் சட்டை எடுங்கள். சென்ட் அடுத்த மாதம்.