நெசவாளியைக் காப்பது யார்?

சிறுசேரியில் இன்று வானளாவிய கட்டிடங்கள் நிற்கின்றன. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு கடல் கடந்து விலை போகிறது.

அந்தக் காலத்திலும் இந்தக் கடற்கரையிலிருந்து ஒரு சரக்கு கடல் கடந்து போயிற்று. அதுதான் துணி!

சிறுசேரியிலிருந்து தெற்கே போங்கள். மாமல்லபுரத்தைத் தாண்டினால் சதுரங்கப்பட்டினம் வரும். மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர் போன ஊர் அது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே வந்து தங்கித் துணி வாங்கினார்கள். கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்களுடைய கோட்டை இன்றும் அங்கே இருக்கிறது. மஸ்லினின் புகழ்தான் பழங்கதை ஆகிவிட்டது.

மெல்லிய துணி நெய்வது லேசான காரியம் அல்ல. 100ஆம் நம்பர் நூல் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான நூல், 84 ஆயிரம் கஜம் நீளம் இருக்கும். நீட்டிப் பிடித்தால் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை போகும்!

அத்தனை மெல்லிய இழை அறுந்து போகாமல் இருக்க, பாவை நீளமாகக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வீட்டில் ஒருவர் தார் சுற்றுவார். இன்னொருவர் தறியில் உட்கார்ந்து நாடாவை ஓட்டுவார். ஒரு குடும்பமே சேர்ந்து உழைத்தால்தான் ஒரு புடவை.

பிணத்துக்கும் கம்பளி!

இந்தத் துணி இங்கிலாந்திலும் பரவியது. அங்கே பிரதானத் தொழில் கம்பளி நெசவு. கம்பளித் தொழிலைக் காக்க அந்த நாட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? செத்தவரைக்கூடக் கம்பளித் துணியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று 1666ல் சட்டம் போட்டார்கள்! மீறினால் 5 பவுன் அபராதம்.

1719ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். நம் நாட்டுச் சாயத் துணியை உடுத்திச் சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள். 1721ல் இன்னொரு சட்டம் வந்தது. அச்சிட்ட, சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்தக் கூடாது என்றது. உடுத்தினால் அதற்கும் 5 பவுன் அபராதம்!

அடுத்த நூற்றாண்டில் அதே நாட்டு மில் துணி இங்கே மலிவாக வந்து குவிந்தது. நம் நெசவாளிக்கு அப்படி ஒரு காவல் இல்லை. தறிகள் நின்றன.

பிறர் துணியைக் கிழிப்பது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நெசவாளியின் வயிறு நாட்டின் கவலை என்று அவர்கள் நினைத்தார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது

சில வகைப் புடவை, வேட்டி, துண்டுகளைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985ல் சட்டம் வந்தது. 2006ல் கைத்தறி முத்திரையும் வந்தது. ஆனாலும் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2009-10 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கைத்தறித் தொழிலாளர் சுமார் 43 லட்சம் பேர். 2019-20ல் அது 35 லட்சமாகக் குறைந்துவிட்டது.

"படித்த பிள்ளை ஏன் தறியில் உட்கார வேண்டும்?" என்று கேட்பீர்கள். உட்கார வேண்டாம். நெசவாளி மகன் சிறுசேரியில் வேலைக்குப் போனால் சந்தோஷந்தான். ஆனால், நெய்ய ஆசைப்படுகிறவன் கூலி போதாமல் தறியை விட்டு ஓடக் கூடாது. அதுதான் என் கட்சி.

"கைத்தறி விலை அதிகமாச்சே!" என்றும் சொல்வீர்கள். உண்மைதான். மாதா மாதம் வாங்க வேண்டாம். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வீட்டுக்கு ஒரு வேட்டி, ஒரு புடவை போதும்.

ஆனால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "கைத்தறி முத்திரை எங்கே?" முத்திரை இல்லையென்றால் கைத்தறி விலை கொடுக்காதீர்கள். 1935ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளும் இருக்கின்றன.

இங்கிலாந்தில் நெசவாளியைக் காக்க அபராதம் போட்டார்கள். இங்கே அபராதம் வேண்டாம். வாங்குகிற நாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்!