வழவழப்பெல்லாம் நோயல்ல

தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வழவழவென்று கை பட்டால் உடனே பிளீச்சிங் பவுடரைத் தேடுகிறோம். பாக்டீரியாக்கள் கூடிக் கட்டும் உயிரிப்படலம் என்றாலே நோய், கண்ட இடத்தில் அழிக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும் வயலுக்கும் வந்துவிட்டது. சிறுநீர்க் குழாயிலும் செயற்கை மூட்டிலும் பல் காரையிலும் அந்த அச்சம் நியாயமானது. படலத்துக்குள் பதுங்கிய கிருமி, தனியே மிதக்கும் கிருமியைவிடச் சில வேளை ஆயிரம் மடங்குவரை கூடுதலான ஆன்டிபயாடிக்கைத் தாங்கும். அந்த அச்சத்தை எல்லா இடத்துக்கும் பொருத்துவதைத்தான் ஏற்க முடியாது.

படலம் கட்டுவது கெட்ட பாக்டீரியாவின் குணம் என்கிறார்கள். மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸைப் பாருங்கள். வேரில் ஒட்டியதும் சர்க்கரைச் சங்கிலிகளையும் புரதங்களையும் சுரந்து தன் கூட்டத்தைச் சுற்றிப் பூசிக்கொள்கிறது. தக்காளியின் வாடல் நோயை இது தடுப்பது எப்படி என்று ஆராய்ந்தவர்கள், படலம் கட்ட உதவும் மரபணுக்களை முடக்கிப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், படலம் கட்ட முடியாத பாக்டீரியா செடியைக் காப்பதிலும் பின்தங்கியது. அதன் நன்மையே படலத்தைச் சார்ந்திருக்கிறது.

எண்ணிக்கை போதும், உயிர் உர பாக்கெட்டில் பாக்டீரியா கோடிக்கணக்கில் இருந்தால் வேலை நடந்துவிடும் என்பது அடுத்த வாதம். வெயிலில் காயும் மண்ணை நினைத்தால் இது நிற்காது. ஈரம் வற்ற வற்ற, மிஞ்சும் நீரில் உப்புச் செறிவு ஏறுகிறது. தனித்து நிற்கும் செல் நீரிழந்து சுருங்குகிறது. படலத்தின் பசையோ தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காய்கிறது. உள்ளிருக்கும் செல் தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது. மண்ணில் வாழும் சூடோமோனாஸ் வறட்சி வரும்போது இந்தப் பசையைக் கூடுதலாகச் சுரப்பதை 1990களிலேயே சோதனையில் கண்டார்கள். பேசில்லஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தண்ணீர் ஒட்டாத ஒரு புரதத்தை மேற்பரப்பில் போர்த்துகிறது, உள்ளே வித்துகளையும் உருவாக்கி வைக்கிறது. கூட்டத்தில் ஒரு பகுதி மடிந்தாலும் அடுத்த மழைக்கு முளைக்க ஆள் இருக்கும். எத்தனை கோடி தூவினோம் என்பதைவிட எத்தனை ஒட்டிப் பிழைத்தன என்பதுதான் பயிருக்குக் கணக்கு.

படலம் இருந்தால் தண்ணீர் கெட்டது என்பாருக்கு 1892ஆம் ஆண்டின் ஹாம்பர்க் நகரமே பதில். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்த அந்நகரில் காலராவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒட்டினாற்போல் இருந்த ஆல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பின்பு அதே ஆற்றிலிருந்துதான் நீர் எடுத்தது. ஆனால் மணல் வழியே மெதுவாக வடித்துக் கொடுத்தது. அங்கே நோய் மிகக் குறைவாகவே இருந்தது. அந்த வடிகட்டியின் உயிர், மணலின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம். மணலைச் சுரண்டிக் கழுவினால், படலம் மறுபடி வளரும்வரை சில நாள் அந்த நீரைக் குடிக்கத் தரமாட்டார்கள்.

மருந்து கெட்டதை மட்டும் கொல்லும் என்ற நம்பிக்கைக்கு நீண்ட பதில் வேண்டாம். குளோரினுக்கு நல்லது கெட்டது தெரியாது.

விதைநேர்த்தி செய்யும் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். உயிர் உர பாக்டீரியாவான அசோஸ்பைரில்லத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசச் சொல்வது வெறும் சடங்கன்று. பாக்டீரியா தானே பசை சுரந்து வேரைப் பற்றும்வரை அதை விதையோடு பிடித்துவைப்பது அந்தக் கஞ்சிதான். விதையை நிழலில் அரை மணி உலர்த்துங்கள், வெயிலில் போடாதீர்கள். பூஞ்சணக் கொல்லியை அதோடு சேர்த்துக் கலக்காதீர்கள்.