வாட்ச்மேனுக்கு லைசென்ஸ் சட்டம்... அலாரம் மாட்ட வருபவருக்கு?

"பூட்டிய வீட்டில் நகை கொள்ளை" என்று செய்தி வந்தால் போதும். மறுநாளே அந்த ஏரியாவில் டிப்-டாப் ஆசாமிகள் பைக்கில் வந்து இறங்குகிறார்கள். "கதவு சென்சார், சைரன், கேமரா எல்லாம் ஒரே செட்டுங்க. திருடன் கதவை தொட்டாலே உங்க செல்போனில் மணி அடிக்கும்" என்கிறார்கள்.

பொருள் நல்லதுதான். மாட்ட வருபவர் யார் என்பதில்தான் சிக்கல். வீட்டுக்கு எத்தனை வாசல், பீரோ எந்த ரூமில், எந்த நேரத்தில் ஆள் இருக்க மாட்டார்கள் என்பது வரை அவருக்குத் தெரிந்துவிடும். பாஸ்வேர்டு போட்டுத் தருவதும் அவரேதான்.

வாட்ச்மேன் விஷயத்தில் சட்டம் கறார். 2005-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி காவலாளி அனுப்பும் ஏஜென்சிக்கு லைசென்ஸ் கட்டாயம். ஒரு மாவட்டத்துக்கு கட்டணம் ரூ.5 ஆயிரம், மாநிலம் முழுக்க என்றால் ரூ.25 ஆயிரம். லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். காவலாளியின் பின்னணியை விசாரித்து, பயிற்சியும் கொடுத்த பிறகுதான் வேலைக்கு அனுப்பணும். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் 1 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.25 ஆயிரம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

கேட்டுக்கு வெளியே நிற்பவருக்கு இவ்வளவு கெடுபிடி. படுக்கை அறை வரை வந்து வயர் இழுப்பவரோ இந்தச் சட்டத்தின் கணக்கில் வரவில்லை.

கேமராவுக்குக்கூட சோதனை வந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல், மத்திய அரசின் பாதுகாப்பு விதிப்படி பரிசோதித்து சான்று பெற்ற மாடல்களைத்தான் விற்கலாம். பெட்டிக்கு சான்று இருக்கு, ஆளுக்கு இல்லை! அதே 2025-ல் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியின் கேமரா காட்சிகள் வெளியே கசிந்து பெரும் பரபரப்பானது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அலாரம் கம்பெனிக்கு மட்டுமல்ல, வீடு வீடாகப் போய் விற்கும் சேல்ஸ்மேனுக்கும் அரசிடம் பதிவு தேவை.

இங்கேயும் அப்படி வரட்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முடித்து, ஒரு ஏணியும் டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு பிழைக்கிற தம்பிகள் எத்தனையோ பேர். ஏஜென்சிக்கு மாதிரி இவர்களிடமும் ரூ.5 ஆயிரம் கேட்டால் பெரிய கம்பெனி மட்டும்தான் மிஞ்சும். போலீஸ் விசாரணை, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை, கையைக் கடிக்காத கட்டணம். இதோடு நிறுத்தினால் யாருக்கும் கஷ்டமில்லை. அட்டை இருந்தால் அந்தத் தம்பிகளையும் யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள்.

அதுவரைக்கும் நாமதான் உஷாரா இருக்கணும். ஆள் வந்தால் கடை முகவரியும் ஜி.எஸ்.டி. பில்லும் கேளுங்க. அட்வான்ஸ் வாங்கிட்டு ஆளைக் காணோம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. வேலை முடிந்து அவர் தெரு முனை தாண்டியதுமே பாஸ்வேர்டை மாத்திடுங்க. மாத்தத் தெரியலையா? பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கேட்டால் ரெண்டு நிமிஷத்தில் மாத்திக் கொடுத்துடும்.