பட்டறை அமைத்தலும் ஒரு பாடமே

தச்சன் உளி தீட்டும் பொழுதை வீண்பொழுதென்று எவரும் சொல்லார். உழவன் ஏரைச் செப்பனிடும் நாளும் உழவு நாளே. ஆயின் இக்காலத்துக் கல்லூரி மாணவன் தன் கருவிகளை ஒழுங்குசெய்யச் செலவிடும் நாட்களை மட்டும் எவரும் கணக்கில் வைப்பதில்லை. அவனும் அவற்றை வெளியிற் சொல்ல நாணுகின்றான். இது பெரும்பிழையென்பதும், இப்பிழையால் நல்ல மாணாக்கர் சிலரை நாம் இழந்து வருகின்றோமென்பதும் எமது துணிபு.

நாம் ஈண்டுக் கருதுவது உட்பொதி மென்பொருட் பணியையாகும். சலவைப் பொறி, மின் அளவி, மோட்டார் வண்டி முதலியவற்றினுள்ளே மறைந்திருந்து ஏவல் செய்யும் சிறு கணிப்பொறிகளுக்கு நிரல் எழுதுவதே அப்பணி. அச்சிறு பொறிகளிற் பெரும்பாலானவற்றிற்குத் திரையில்லை, தட்டச்சுப் பலகையில்லை, நினைவகமும் மிகச் சிறிது. மாணவர் பெரிதும் கையாளும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் நிரலுக்குரிய இடம் 32 கிலோபைட். அது இயங்குங்கால் பயன்படும் நினைவகம் 2 கிலோபைட். ஆதலின் நிரலை மடிக்கணினியில் எழுதி, வேறோர் இனத்துப் பொறிக்குரிய கட்டளைகளாக அங்கேயே பெயர்த்து, கம்பி வழியே செலுத்தி, அது உள்ளே யாது செய்கின்றதென்பதை வெளியிலிருந்தே கண்டறிதல் வேண்டும். பெயர்ப்பதற்குக் கம்பைலர், நினைவகத்தில் எது எங்கே அமைவதென்று வகுக்க லிங்கர், பலகையிற் செலுத்துவதற்கு ஒரு மென்பொருள், பிழை காண்பதற்கு டீபக்கர். இவை யாவும் தம்முள் இணங்கி நிற்பதே பட்டறை. ஒன்று பிணங்கினும் பொறி ஊமையாகும். ஏன் ஊமையாயிற்றென்று சொல்லவும் அதற்கு வாயில்லை.

எமக்கு நேர்ந்ததொன்றைச் சொல்லுவோம். தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அறிவிக்கும் பொறியொன்று செய்யக் கருதி, நண்பர் நால்வர் தாம்பரத்தில் ஒரு விடுதியறையிற் கூடினோம். நிரல் ஒன்றே, மடிக்கணினிகள் நான்கு. முதற்கணினி பலகையை அடையாளங் காணவில்லை. அதற்கென ஒரு டிரைவர் தேவையென்பது பின்னரே விளங்கிற்று. இரண்டாவது, உபுண்டுவில் இயங்கியது; அது பலகையைக் கண்டும் அணுக அனுமதியில்லையென்றது. மூன்றாவதில் இருந்த கம்பைலர் வேறு பதிப்பாதலால் நிரலையே ஏற்க மறுத்தது. நான்காவதில் பலகையின் விளக்கு எரிந்தது. பேச்சு மட்டும் இல்லை. ஆறு நாட்கள் சென்றபின், அக்கம்பி மின்னேற்றுதற்கு மட்டுமே உரியதென்றும், தரவு செல்லும் இழைகள் அதனுள்ளே இல்லையென்றும் கண்டோம். கம்பியை மாற்றினோம், அந்நொடியே பொறி பேசிற்று. ஆனால் அக்கணினிக்குரிய நண்பர் அன்று அங்கில்லை. தமிழ்வழிப் பள்ளியிற் பயின்று வந்த அவர், திரையில் வந்த ஆங்கில எச்சரிக்கைகளையெல்லாம் தம் அறிவின் குறையென்றே எண்ணி, “இது என் தலையில் ஏறாது” என்று சொல்லி முந்திய நாளே வேறு பணிக்குச் சென்றுவிட்டார். குறை கம்பியிலிருந்தது, தண்டனை அவருக்காயிற்று.

நிற்க. இத்துறை நமக்குத் தொலைவிலுள்ளதன்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தை உடைய அண்ணா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய அனுசாட் என்னும் சிறு செயற்கைக்கோள், 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. மேலே சென்றதொரு கோளை இறக்கிவந்து கம்பி மாற்ற இயலுமோ? தரையிலுள்ள பட்டறை செவ்வையாக இருந்தாலன்றி வானிலுள்ள பொறி செவ்வையாக இராது.

தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டியில் இறங்குவோர்க்கு அணித்தாயுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் காமகோடி அவர்கள் தலைமையில் உருவாகிய சக்தி என்னும் செயலிகளை யாவரும் அறிவர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் பொதுவுடைமையான கட்டளைத் தொகுதியே அவற்றிற்கு அடிப்படை. 2018ஆம் ஆண்டில் ஒன்று இன்டெல் நிறுவனத்தின் ஆலையிலும், மற்றொன்று சண்டிகரிலுள்ள அரசினர் ஆலையிலும் சில்லுகளாக வார்க்கப்பெற்றன. இவற்றைப் பற்றிச் செய்தித்தாள்கள் பாராட்டியெழுதின. ஆயினும் நாம் மிகுதியும் பாராட்டுவது மற்றொன்றை. அக்குழுவினர் வடிவமைப்போடு நில்லாது, நிரல் எழுதுவோர்க்குரிய கருவித் தொகுதியையும், அதனை நிறுவும் முறை கூறும் கையேட்டையும் யாவர்க்கும் வெளியிட்டனர். சில்லு கைக்கு எட்டாதவரும், ஆர்ட்டி என்னும் எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் அவ்வடிவமைப்பை ஏற்றிப் பயிலலாம். பட்டறையில்லாத சில்லு, பூட்டிய நூலகத்தை ஒக்கும். திறவுகோலையும் உடன் தந்ததே அவர்தம் பெருமை.

“இடர்ப்பட்டுக் கற்பதன்றோ கல்வி?” என்று சிலர் வினவக்கூடும். இடர் இருவகைத்து. லிங்கர் ஏன் நிரலைக் குறித்ததோர் இடத்தில் வைக்கின்றதென்று ஆராயும் இடர் அறிவை வளர்க்கும். இழையற்ற கம்பியோடு ஆறு நாள் மல்லாடும் இடர் மனத்தை மட்டுமே முறிக்கும். முன்னதைக் கற்பிப்பதும் பின்னதை அகற்றுவதும் ஆசிரியர் கடன். வேறு சிலர், “யாவும் நிறுவிய கணினியையே மாணவர்க்குத் தந்துவிடலாமே” என்பர். முதல்நாளுக்கு அது நன்று. ஆனால் என்றும் பிறர் மூட்டிய அடுப்பிலேயே சமைப்பவன் தனிக்குடித்தனம் புகும் நாளில் பட்டினி கிடப்பான்.

ஆகவே கல்லூரிகளுக்கு நாம் வேண்டுவன மூன்று. செய்முறை வகுப்பின் முதலிரு வாரங்களைப் பட்டறை அமைத்தற்கென்றே ஒதுக்கி, அதற்கும் மதிப்பெண் வழங்குக. ஒவ்வோர் ஆய்வகத்திலும் ஒரு குறிப்பேடு வைத்து, எந்தப் பலகை, எந்தக் கம்பி, எந்தக் கருவியின் எத்தனையாம் பதிப்பு, என்ன பிழை வந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பவற்றை நல்ல தமிழில் எழுதுக. ஆண்டுதோறும் அக்குறிப்பேட்டைப் புதிய மாணவரொருவர் கையிற் கொடுத்து, ஒன்றும் நிறுவாத கணினியில், பிறர் உதவியின்றிப் பலகையின் சிறு விளக்கை மினுக்கச் செய்க. விளக்கு எரியுமாயின் குறிப்பேடு நன்று. எரியாதாயின் திருத்தவேண்டுவது குறிப்பேட்டை, மாணவரையன்று.

எம் விடுதியறையிலும் அன்று தொடங்கிய குறிப்பேடு ஒன்று உளது. அதன் முதல் வரி, கம்பியை மாற்றிப் பார்க்க என்பதே. அந்த ஒரு வரி ஆறு நாட்களுக்கு முன்னே எழுதப்பட்டிருப்பின், எம் நண்பர் இன்றும் எம்மோடு இருந்திருப்பார்.