ஓதுவது குர்ஆன் என்றாலும் காதுக்கு ஓர் அளவு உண்டு



என்னிடம் ஓதும் இருபது வயது மாணவர் ஒருவர் அண்மையில் வந்து நின்றார். "ஹஜ்ரத், தஹஜ்ஜுதுக்கு எழுந்தால் காதுக்குள் சில்வண்டு இரைகிறது; தொழுகையில் மனம் நிலைக்கவில்லை" என்றார். அவர் கழுத்தில் புதிதாக ஒரு தாயத்து. ஜின்னின் தீண்டல் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்களாம்.

"இயர்போன் போடுவதுண்டா?" என்றேன். "பாட்டு கேட்பதில்லை ஹஜ்ரத், கிராஅத் மட்டும்தான். தூங்கும்வரை ஓடும்" என்றார்.

நம் தவறு இங்கேதான் இருக்கிறது. கேட்பது ஹலாலா, ஹராமா என்று விசாரிக்கிறோம். எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் என்று விசாரிப்பதில்லை. உட்செவியில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் அணுக்களே உள்ளன. பேரொலியால் அவை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அந்த அணுக்களுக்குச் சினிமாப் பாட்டும் ஒன்றுதான், கிராஅத்தும் ஒன்றுதான். 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரமே என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 டெசிபலுக்கோ வாரம் முழுவதற்கும் 20 நிமிடங்கள்தாம்!

இளைஞர்களை மட்டும் குற்றம் சொல்லவும் நமக்குத் தகுதியில்லை. நிக்காஹ் மண்டபத்தில் பச்சிளம் குழந்தைகளுக்கு அருகே ஒலிபெருக்கியை அலறவிடுவது யார்? பயான் மேடைக்கு முன் சிறுவர்களை அமர்த்திவிட்டு ஒலியைக் கூட்டச் சொல்வது யார்? குரலைத் தாழ்த்தும்படி லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை நாமே ஒலிபெருக்கியில் முழங்குகிறோம்!

துஆ செய்யுங்கள், அது முஃமினின் ஆயுதம். ஆனால் தாயத்தைக் கட்டிவிட்டு மருத்துவரைத் தவிர்ப்பது தவக்குல் ஆகாது. காதிரைச்சலுக்குக் குறும்பி அடைப்பும் காரணமாகலாம், சில மருந்துகளும் காரணமாகலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர்தாம் அதைப் பிரித்தறிய முடியும். இரைச்சலுடன் ஒரு காது திடீரென மந்தமானால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

செவி அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பற்றி மறுமையில் வினவப்படுவோம் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிக்கிறது. எதைக் கேட்டாய் என்பதோடு, எப்படிப் பேணினாய் என்பதற்கும் நாம் விடை வைத்திருக்க வேண்டாமா?

அல்லாஹ் நம் பிள்ளைகளின் செவிப்புலனைப் பாதுகாப்பானாக! ஆமீன்.